மாம்பலத்தின் குளம்பு

வியாழக்கிழமை மதியம் அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்து பேர். சண்முகவேல் கவிழ்த்துப் போட்ட தவிட்டு டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தேவானை உரலை ஒட்டிச் சாக்கு விரித்து, ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலி டாக்டர் ஸஹானாவுக்கு. கறி வியாபாரி செம்பியன் ஸ்கூட்டரை உள்ளேயே ஓட்டி வந்து, இறங்காமல் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். எனக்குப் புண்ணாக்கு மூட்டை. எங்களுக்கு நடுவில் மாம்பலம் படுத்திருந்தது.

மாம்பலம் என்பது ஒரு தாய்ப்பன்றி. சண்முகவேலின் மீன்பாடி வண்டி தினமும் போய்வரும் பாதையில் உள்ள ஊர்ப்பெயர்களைத்தான் தேவானை தன் பன்றிகளுக்கு வைப்பாள். மாம்பலம் தாய். நந்தனம், கோட்டூர், லஸ் எல்லாம் அதன் மகள்களும் பேத்திகளும். வெளியிலிருந்து வாங்கி வந்த கெடாப் பன்றிக்கு டெப்போ என்று பெயர். எப்போதும் ஒரே இடத்தில் நிற்பதால்.

கிண்டித் தொழிற்பேட்டையின் பின்கோடியில், வேலை நின்றுபோன ஒரு வார்ப்படப் பட்டறையின் கொட்டகை அது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் அடையாறு. ஒரு குட்டிகூடத் தெருவில் இறங்கக் கூடாது என்ற பேச்சின்பேரில் இடத்துக்காரர் விட்டிருந்தார். ஐப்பசி மழை அன்று காலைதான் சற்று ஓய்ந்திருந்தது. தகரக் கூரை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தரை எங்கும் காயவில்லை.

சண்முகவேல் காலையில் வண்டி எடுத்தால் மயிலாப்பூர்க் கல்யாண மண்டபங்களில் முதல்நாள் மிச்சத்தை ஏற்றிக்கொண்டு, தி.நகர் மெஸ்களில் காய்கறித் தோலும் வடித்த கஞ்சியும் வாங்கிக்கொண்டு திரும்புவார். தேவானை வாழை இலை, பிளாஸ்டிக் டம்ளர், பல்குத்தும் குச்சி எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எறிந்துவிட்டு, மீதியை இரும்பு அண்டாவில் கொதிக்கவிட்டுத் தவிடும் புண்ணாக்கும் கலப்பாள். சாம்பாரும் பாயசமும் சேர்ந்து வேகும் அந்த வாசனைக்கு, பக்கத்து லேத் பட்டறை ஆட்களுக்கு நேரங்கெட்ட நேரத்தில் பசி எடுக்கும். எதிர்க் கட்டடத்தில் கணக்கு எழுதும் எனக்கும்தான். அப்படித்தான் பழக்கம்.

“எய்ந்திரு மாம்பலம், டாக்டரம்மா வந்துக்கீறாங்க பாரு,” என்று தேவானை அதன் விலாவைத் தட்டினாள். மாம்பலம் முன்னங்காலை ஊன்றி அரைவாசி எழுந்தது. பின்னங்கால் தரையில் பட்டதும் ஒரு சத்தம் போட்டு மறுபடி விழுந்தது. வயிறு தளும்பி அடங்கியது. சினை.

செம்பியன் சொன்னான்: “இன்னா அண்ணாத்த, நா சனிக்கெழம வண்டி கொண்டாந்தா இத்த நாலு பேரு தூக்கணும் போலக்கீது.”

“நீ மொதல்ல வண்டிய உட்டு எறங்குடா. ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்தவன் மாரி ஒக்காந்துகினு கீற,” என்றாள் தேவானை.

“எறங்குனா எங்க வெக்கிறது கால? தண்ணியா கீது.”

“அதுங்க மட்டும் வெக்கலாம், நீ வெக்கமாட்டியா?”

டாக்டர் ஸஹானா சிரித்துக்கொண்டே எழுந்து ரப்பர் பூட்ஸோடு மாம்பலத்தின் பின்னால் போய்க் குந்தினாள். வாளித் தண்ணீரை ஊற்றிப் பிரஷால் குளம்பைத் தேய்த்தாள். சேறு போனதும் வெடிப்பு தெரிந்தது. ரோமம் முடிந்து குளம்பு தொடங்கும் கோட்டிலிருந்தே அது கீழே ஓடியிருந்தது. குதிகால் பக்கம் மெத்துமெத்தென்று வளர்ந்து கீறல் விட்டிருந்தது. டாக்டர் காதை மடக்கிப் பார்த்தாள். காதுக்குப் பின்னாலும் கால் மடிப்பிலும் தோல் காய்ந்த சேறுபோலப் பொருக்குக் கட்டியிருந்தது.

“இது சேறு இல்லை. தேய்ச்சாலும் போகலை,” என்றாள். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். நந்தனத்துக்கு இரண்டு காலிலும் வெடிப்பு. கோட்டூர் முட்டி போட்டபடியே தின்றது. லஸ்ஸுக்கு இப்போதுதான் ஆரம்பம். ஏழு தாய்ப்பன்றிகளில் ஐந்துக்குக் கால் போயிருந்தது.

கடைசியில் டெப்போ. அது தன் மூலையில் நின்றபடி டாக்டருக்குக் காலைக் கொடுத்தது. டாக்டர் கழுவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. தோலும் சுத்தம்.

“இவனும் இதே ஈரத்துலதானே நிக்கறான்? இவனுக்கும் அதே அண்டாதானே?”

“அதே அண்டாதான்,” என்றார் சண்முகவேல். டிரம்மிலிருந்து எழுந்தார். “நா சொல்றேன் டாக்டரம்மா. தேவானைக்கு இது புடிக்காது, இருந்தாலும் சொல்றேன். டெப்போ வெளிய வாங்குனது. இதுங்க அத்தினியும் மாம்பலத்து வவுத்துல வந்ததுங்க. ரத்தம் கெட்டுப்போச்சு. எங்க மச்சான் பொண்சாதி சீதா, வாலாஜாபாத்ல, இவ குடுத்த ரெண்டு பொட்டைய வளக்குது. அந்த ரெண்டும் நொண்டுது. மாம்பலத்துப் பொண்ணுங்கதான் அதுவும். வேற இன்னா வேணும்?”

“சீதா பேச்ச எடுக்காத,” என்றாள் தேவானை.

“எடுக்காம? அவ அன்னிக்கே சொன்னா, நீ நொண்டிப் பன்னிய அவ தலையில கட்டிட்டன்னு. நீ இன்னா சொன்ன? உன் கை ராசி அப்படின்னு சொன்ன. உன் ஊட்டுத் தரை அப்படின்னு சொன்ன.”

“அவ மட்டும் கொஞ்சமாவா பேசுனா?”

“பேசுனா. உன் போன எடுக்காம கீறா. என் போனயும்தான். உங்க அண்ணன் லாரிய எட்துகினு வடக்க போனா மாசத்துக்கு ஆளு கெடைக்காது. நா யாராண்ட போய் ஞாயம் பேசறது?”

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு திரும்பினாள். “பரம்பரையாவும் இருக்கலாம்ண்ணா. இல்லைன்னு நான் சொல்லலை. ஆனா தோல்ல பொருக்கு இருக்கே, அது எனக்கு இடிக்கறது. தேவானை அக்கா, என்ன தீனி போடறேள்? ஒண்ணு விடாம சொல்லுங்கோ.”

“அதான் பாத்தீங்களே. கல்யாணச் சோறு. கஞ்சி. தோலு. தவுடு. புண்ணாக்கு.”

“வேற?”

“வேற இன்னா. ஒண்ணியும் இல்ல.”

“தாது உப்பு ஏதாவது?”

“இல்ல.”

டாக்டர் யோசித்துக்கொண்டே நாற்காலிக்கு வந்தாள். தேவானை எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். டாக்டர் வீடு மயிலாப்பூரில் மாட வீதி. எங்கள் எல்லோருக்கும் இருந்த சந்தேகத்தைச் செம்பியன்தான் கேட்டான்: “இன்னா டாக்டரம்மா, நீங்க பன்னி பாக்குறது ஊட்ல தெரியுமா?”

“தெரியும். ஆத்துக்குள்ள நொழையறச்சேயே அம்மா நேரா பாத்ரூமுக்குப் போன்னு கையக் காட்டிடுவா. கேக்கறவாகிட்ட மட்டும் மாட்டு டாக்டர்னு சொல்லிண்டிருக்கா. எனக்கு வரன் பாத்துண்டிருக்கா இல்லியா.”

“மாடுன்னா ஒத்துப்பாங்களா?”

“மாடுன்னா ரெண்டாவது காபி கூடக் கெடைக்கறது.”

தேவானைகூடச் சிரித்தாள். ஆனால் டீயை அவள் குடிக்கவில்லை. டெப்போ இருந்த மூலையைப் பார்த்தபடி டம்ளரைக் கையில் வைத்திருந்தாள். அது ஆறி ஆடை கட்டியது.

டாக்டர் சொன்னாள்: “அண்ணா, ரத்தம் எடுத்துண்டு போறேன். ரிசல்ட் வர நாளாகும். அதுவரைக்கும் வைக்கோல் போட்டுத் தரையைக் காய வையுங்கோ. விக்கறதா வேண்டாமான்னு நான் சொல்ல முடியாது.”

“நாளாவுற வரைக்கும் இதுங்க குட்டி மேல படுத்து நசுக்கும். மாம்பலம் போன ஈத்துலயே மூணு குட்டிய நசுக்கிச்சு. எய்ந்திரிக்க முடியாத ஜென்மம் எப்படி அசைஞ்சு படுக்கும்? போதும் டாக்டரம்மா. நொண்டாத ரெண்டும் அதே வவுறுதான். ஏழயும் அனுப்பிட்டு வேற எடத்துலேர்ந்து குட்டி வாங்கிக்கிறேன்.” சண்முகவேல் செம்பியன் பக்கம் திரும்பினார். “நீ மார்க் பண்ணிக்கோ.”

அந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். விலை பேசி முடித்த உருப்படியின் முதுகில் பெயிண்ட் வைத்துவிட்டால், வண்டி வருகிறவரை அது வியாபாரியுடையது. சொந்தக்காரனே தொடத் தயங்குவான். செம்பியன் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து நீல பெயிண்ட் டப்பாவையும் பிரஷையும் எடுத்தான். முதல் தடவையாகக் காலைக் கீழே வைத்தான். தேவானை மாம்பலத்தை வளர்த்த கதை அவனுக்குத் தெரியும். மேற்கு மாம்பலத்தில் ஒரு கால்வாயில் மழைநாளில் கிடந்த குட்டி. சண்முகவேல் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தது. அதனால் அவளைப் பார்க்காமல் குனிந்து, முதுகில் ஒரு கோடு இழுத்தான்.

மாம்பலம் ரோமத்தைச் சிலிர்த்தது. அவன் நந்தனத்தின் பக்கம் நகர்ந்தான்.

“செம்பியா, நில்லு,” என்றாள் தேவானை.

அவள் உரலுக்குப் பின்னால் கையைவிட்டு ஒரு பிஸ்கட் டின்னை வெளியே இழுத்தாள். டாக்டர் முன்னால் கொண்டுபோய் வைத்து மூடியைத் திறந்தாள். உள்ளே வெள்ளையாக, மாவுபோல இடித்த தூள்.

“இது தீனி இல்ல, மருந்து. அதான் நா சொல்லல,” என்றாள். “முட்ட ஓடு. பாண்டி பஜார் பின்னாண்ட ஆம்லெட் கடையில கேட்டு வாங்கியாந்து, கய்வி, காய வெச்சு, இந்த ஒரல்ல இடிக்கிறேன். நீங்கதான் சொன்னீங்க.”

“நானா?”

“போன வருசம் மாம்பலம் குட்டி போட்டுட்டு எய்ந்திரிக்கல. போன்ல கேட்டேன். கால்சியம் கம்மியாயிடுச்சு, குடுங்கன்னு சொன்னீங்க. கடையில வாங்குற மருந்து தீந்துபோச்சு. ஓடும் அதுதானேன்னு இத்த ஆரம்பிச்சேன். எய்ந்துச்சா, நல்லா ஆச்சா. அப்பால எல்லா தாய்க்கும் குடுத்தேன். நொண்ட ஆரம்பிச்சதும் இன்னும் கூட்டிக் குடுத்தேன்.”

“டெப்போவுக்கு?”

“அவனுக்கு இன்னாத்துக்கு? அவனா குட்டி போடறான்?”

கூரை சொட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் தூளில் கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்தாள்.

“எவ்வளவு போடுவேள் அக்கா?”

தேவானை டின்னுக்குள் கிடந்த ஆழாக்கை எடுத்துத் தலைதட்டிக் காட்டினாள். “காலையில ஒண்ணு. சாய்ங்காலம் ஒண்ணு. இப்ப ரெண்டு ரெண்டு.”

டாக்டர் கண்ணை மூடித் திறந்தாள். “தப்பு என் பேர்லயும் இருக்கு. கொடுங்கோன்னு சொன்னேன். எப்ப நிறுத்தணும்னு சொல்லலை. அதுக்கப்புறம் கேக்கவும் இல்லை.” பிறகு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். “குளம்பும் தோலும் உறுதியா வளரத் துத்தநாகம் வேணும். ஜிங்க்னு சொல்றோமே, அது. கல்யாணச் சோத்துல ருசி இருக்கு, அது அவ்வளவா இல்லை. இருக்கற கொஞ்சத்தையும் உடம்பு எடுத்துக்கணும். கால்சியம் இப்படி ஆழாக்கு ஆழாக்கா உள்ள போனா, அதை எடுத்துக்க விடாது. அதான் தோல் பொருக்குத் தட்டறது, குளம்பு வெடிக்கறது. ரத்தம் பாத்து நிச்சயம் பண்ணிக்கறேன். ஆனா எனக்கு இப்பவே தெரியறது.”

“அப்ப ரத்தம் கெட்டுப்போவல?” என்று சண்முகவேல் கேட்டார்.

“மாம்பலத்து மேல ஒரு தப்பும் இருக்கறதாத் தெரியலைண்ணா.”

சண்முகவேல் மறுபடி டிரம்மில் உட்கார்ந்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக மனைவியைப் பார்த்தார். “தேவானை. சீதாவுக்கும் இத்தக் குடுத்தியா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “அண்ணன் வரச்சொல்ல எல்லாம் ஒரு பை குடுத்தனுப்புவேன்.”

“அவ இன்னா சொன்னா?”

“இத்தப் போட்டா தோலு சொரசொரங்குது, கொறைச்சுக்கறேன்னு சொன்னா. கஞ்சப் பிசினாறி, சும்மா குடுக்குற தூளுக்கே கை வராதான்னு திட்டுனேன்.” குரல் இறங்கியது. “அதுலதான் சண்டையே.”

டெப்போவின் காலைப் பார்த்ததிலிருந்து அவள் தூளைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தது ஏன் என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. தூளைக் காட்டினால் மாம்பலம் பிழைக்கும். ஆனால் சீதா சொன்னது சரியாகிவிடும்.

செம்பியன் பிரஷை டப்பாவின் விளிம்பில் வழித்துக்கொண்டே சொன்னான்: “யக்கா, அந்த வாலாஜாபாத் அம்மாவும் எனக்குப் போன் போட்டுச்சு. சனிக்கெழம இங்க ஏத்திகினு அப்பிடியே அங்கயும் போறேன். ரெண்டு உருப்படி.”

தேவானை நிமிர்ந்தாள்.

சண்முகவேல் நீலக் கோட்டைப் பார்த்தார். “சரி. நம்மளுத நான் விக்கல. செம்பியன்கிட்ட நா பேசிக்கிறேன். ஆனா நீ சீதாவுக்குச் சொல்லணும். நம்ம பன்னிய மட்டும் காப்பாத்திகினு அவளுத கறிக்கடைக்கு அனுப்புவியா? நீ சொல்லலன்னா ஏழும் சனிக்கெழம வண்டி ஏறும்.”

“போன எடுக்கமாட்டாளே.”

“செம்பியன் சொல்லட்டும்.”

“நா சொன்னா அது நம்புமா?” என்றான் செம்பியன். “வெல கொறைக்கப் பாக்குறான்னு வெளக்கமாத்த எடுக்கும்.”

தேவானை என் பக்கம் திரும்பினாள். “சண்டையில அவ ஒண்ணு சொன்னா சார். இனிமே எங்கிட்டப் பேசணும்னா எய்திக் குடு, வாயால பேசுனா நீ மாத்திப் பேசுவன்னு. நீங்க ஒரு கடுதாசி எய்தித் தரணும்.”

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரேன்,” என்றேன்.

வெள்ளிக்கிழமை நான் போனபோது தரையில் வைக்கோல் பரப்பியிருந்தது. வாசலில் மயில்துத்தம் கரைத்த தட்டையான தொட்டி. டாக்டர் காலையிலேயே வந்து துத்தநாகம் சேர்ந்த தாது உப்புக் கலவை மூட்டையைக் கொடுத்து, எந்த வேளைக்கு எவ்வளவு என்று தேவானையின் கையாலேயே அளக்கவைத்துவிட்டுப் போயிருந்தாள். வெடித்த குளம்பு ஒட்டாதாம். புதுக் குளம்பு மேலிருந்து இறங்கி வர மாதக்கணக்காகுமாம். தோல் பொருக்கு மட்டும் சில வாரத்தில் உதிர ஆரம்பிக்கும், அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்றாளாம். உரல் சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது. தேவானை அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

தாளில் வலது மூலையில் ஊரும் தேதியும் எழுதிவிட்டு, “சொல்லுங்க,” என்றேன்.

“அன்புள்ள அண்ணிக்கு. நலம், உங்கள் நலம் அறியன்னு போடுங்க.”

போட்டேன்.

“தரை ஈரமா இருந்தாலும் குளம்பு கெடும்னு டாக்டரம்மா சொன்னாங்க. உன் ஊட்டுத் தரையும்…”

எழுதாமல் நிமிர்ந்து பார்த்தேன். “தரையைப் பற்றி எழுதணுமா?”

அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த சண்முகவேல் துடுப்பை நிறுத்தினார். தேவானை அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

“வோணாம். அடிச்சிடுங்க.”

“இன்னும் எழுதவே இல்லை.”

“அப்ப நல்லதாப் போச்சு.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “டாக்டரம்மாவும்தான் சொன்னாங்கன்னு எய்தலாமா சார்? அவுங்களே ஒத்துக்கினாங்களே.”

“எழுதலாம். நிஜம்தானே.”

கோட்டூர் உறுமியது. வெளியே மறுபடி தூறல் பிடித்துத் தகரத்தில் சத்தம் கேட்டது.

“வோணாம் சார். அவுங்க ஒரு தபா சொன்னாங்க. நாதான் ஒரு வருசம் குடுத்தேன். சீதாவத் திட்டுனது டாக்டரம்மா இல்லியே.”

பிறகு அவள் நிறுத்தாமல் சொன்னாள். நான் எழுதினேன். எழுதி முடித்ததை அவளுக்குப் படித்தும் காட்டினேன்:

“அன்புள்ள அண்ணிக்கு, நலம். உங்கள் நலம் அறிய ஆவல். முட்டை ஓட்டுத் தூளை இந்தக் கடிதம் கண்டதும் நிறுத்திவிடவும். நம் பன்றிகள் நொண்டுவது அதனால்தான். இனத்தில் குறை இல்லை. உங்கள் கையிலும் குறை இல்லை. தூளைக் குறைக்கிறேன் என்று நீங்கள் சொன்னது சரி. உங்களைப் பிசினாறி என்று திட்டியது நான் செய்த தப்பு. இதைக் கொண்டுவருகிற செம்பியனின் வண்டியில் பன்றிகளை ஏற்ற வேண்டாம். அவனிடம் ஒரு பை தாது உப்பு கொடுத்திருக்கிறேன். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று பையிலேயே அடையாளம் கட்டிய கரண்டி இருக்கிறது. கரண்டிக்கு மேல் போட வேண்டாம், நான் போட்டதுபோல. மாம்பலம் இன்னும் எழுந்திருக்கவில்லை. அண்ணன் வந்ததும் இருவரும் ஒரு தரம் வரவும். அன்புடன், தேவானை.”

“கடைசியில அந்த ‘நான் போட்டதுபோல’ வேணுமா?” என்று கேட்டேன்.

“இருக்கட்டும். அதப் படிச்சாதான் அவ சிரிப்பா. சிரிச்சாதான் உப்ப எடுப்பா.” கையெழுத்தை அவளே போட்டாள். கரண்டியின் காம்பில் கட்ட ஒரு சிவப்புத் துணியையும் கிழித்து எடுத்தாள்.

சனிக்கிழமை காலை செம்பியன் வண்டியோடு வந்து நின்றான். கூடத் தூக்க ஆள் கூட்டி வரவில்லை. பின்பக்கக் கதவைத் திறக்கவும் இல்லை.

“சொல்லு யக்கா. இன்னா குடுக்கணும்?”

“இரு, கவர இன்னும் ஒட்டல,” என்றாள் தேவானை. பசை தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. அவள் அண்டாவுக்குப் போய்க் கரண்டியை விட்டு, வெந்த கல்யாணச் சோற்றில் நாலு பருக்கையை எடுத்து வந்தாள். கவரின் மடிப்பில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கித் தேய்த்து, முழங்கையால் அழுத்தினாள்.

செம்பியன் கவரை முகர்ந்து பார்த்தான். “நெய் வாசன வருதே. யார் ஊட்டுக் கல்யாணம்?”

“லஸ்ஸாண்ட. நீ மோந்து பாத்துகினே நிக்காத, போ.”

“இதுல பாரு, ரெண்டு எடத்துல எனக்கு லோடு போச்சு. அதுக்கு நானே கடுதாசி எட்துகினு போறேன்.”

“லோடு போனா போவுது. உனக்குப் பொங்கலுக்கு மாம்பலத்துக் குட்டி ஒண்ணு தரேன், வளத்துப் பாரு. எவ்ளோ கஷ்டம்னு தெரியும்.”

சண்முகவேல் தாது உப்புப் பையைத் தூக்கி ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். செம்பியன் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் மடிக்காமல் வைத்து, மேலே பொத்தானைப் போட்டான். வண்டி கத்திப்பாரா பக்கம் திரும்பப் பின்னுக்கு வாங்கியது.

“செம்பியா! அவ கையில குடு. வாசல்ல போட்டுட்டு வந்துடாத,” என்று தேவானை மழையில் இறங்கி நின்று கத்தினாள்.

அவன் கையை வெளியே நீட்டி ஆட்டினான். காலி வண்டி, தண்ணீர் நின்ற பள்ளங்களில் விழுந்து எழுந்து, மெயின் ரோட்டில் ஏறியது.